மூக்கின் உள்வரி

மருத்துவ வரலாற்றின் வியத்தகு அறுவைகளைத் தொகுக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கின்றன. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். 1967-இல் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் இறந்தவரின் இதயத்தை இன்னொருவர் நெஞ்சில் துடிக்க வைத்தார். 2005-இல் பிரான்சின் அமியான் நகரில் ஒரு பெண்ணுக்கு இன்னொருவர் முகத்தின் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. நம் நாட்டுப் பட்டியலும் சிறியதன்று. 1994-இல் லூதியானாவில், கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கிப் பிய்ந்துபோன ஒரு சிறுமியின் முகத்தை ஆபிரகாம் தாமஸ் குழுவினர் திரும்பத் தைத்து உயிர் கொடுத்தார்கள். 2015-இல் கொச்சி அம்ருதா மருத்துவமனையில் இரு கைகளையும் இழந்தவருக்கு வேறொருவரின் கைகள் வைக்கப்பட்டன. 2017 மே மாதம் புனேயில் சைலேஷ் புந்தம்பேகர் ஒரு தாயின் கருப்பையை அவருடைய மகளுக்கு மாற்றினார். மறு ஆண்டு அக்டோபரில் அந்தக் கருப்பையிலிருந்து ஒரு குழந்தை பிறந்தது. இவையெல்லாம் வியக்கத் தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் உறுப்பின் பெருமையையும் அறுவை நீடித்த மணிநேரத்தையும் வைத்து வியப்பை அளந்தால், அறுவை மருத்துவத்தின் மையமான அறிவு நம் கண்ணில் படாமல் போய்விடும். நோயாளியின் உடல் உண்மையில் எதை இழந்திருக்கிறது என்பதைச் சரியாகப் படிப்பதுதான் அந்த அறிவு. கத்தி அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுவே. அதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது இதயமோ முகமோ அல்ல, மூக்கு. இடம், புனேக்குத் தெற்கே உள்ள கோந்த்வா.

கோந்த்வா இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருக்கியடிக்கும் புறநகர். கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என இரண்டு ஊர்களாக இருந்து நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. 1950-களில் இது ஊருக்கு வெளியே இருந்த கிராமப்புறம். தொழுநோயாளிகளுக்கான பந்தோராவாலா மருத்துவமனை இங்கே அமைந்ததற்கும் அந்தத் தொலைவுதான் காரணம். செங்கல்பட்டுக்கு அருகே திருமணி, வேலூருக்கு அருகே காரிகிரி என்று தமிழ்நாட்டிலும் தொழுநோய் மருத்துவமனைகள் ஊருக்கு ஒதுக்குப்புறமாகவே இருந்தன. கோந்த்வா மருத்துவமனையோடு புனே மாவட்டத் தொழுநோய்க் குழுவையும் ஜால் மேத்தா என்ற மருத்துவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நோயாளிகளின் மறுவாழ்வுக்காக அவர் நெடுங்காலம் உழைத்தார். அங்கே வந்து சேர்ந்த இன்னொருவர் நோஷிர் அந்தியா. 1922-இல் பிறந்தவர், இங்கிலாந்தில் ஹெரால்ட் கில்லீஸிடம் பிளாஸ்டிக் சர்ஜரி பயின்று திரும்பியவர். புனேயின் ஜஹாங்கீர் மருத்துவமனையில் பணியைத் தொடங்கிய அவர், கோந்த்வா தொழுநோயாளிகளிடம் தம் கைத்திறனைக் கொண்டுபோனார். அவர்களில் பலருக்கு மூக்கின் தண்டு உள்ளே குழிந்து, நுனி மேல்நோக்கித் தூக்கி, மூக்கே முகத்தில் அமுங்கிப் போயிருந்தது. நோய் குணமான பிறகும் அந்த முகத்தைக் கண்டவர்கள் விலகினார்கள். அந்தியாவின் முன்னால் இருந்த கேள்வி எளியதுபோலத் தோன்றும்: இந்த மூக்கை எப்படி நிமிர்த்துவது? அதற்கு விடை சொல்ல, அதே புனேயின் சுற்றுப்புறத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னர் நடந்த இன்னொரு மூக்கு அறுவையிலிருந்து தொடங்க வேண்டும்.

1792-இல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய மராட்டியர் ஒருவர், காவாஸ்ஜி என்ற பெயரால் பதிவானவர், திப்புவின் படையிடம் பிடிபட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். எதிரியின் மூக்கை அறுப்பது அந்தக் காலத்துக்குப் புதிதன்று. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து மூக்குகளை அறுத்ததும், திருமலை நாயக்கருக்காக இராமநாதபுரம் சேதுபதி படை திரட்டி வந்து எதிர்த்ததும் தமிழ்நாட்டு வரலாற்றில் மூக்கறுப்புப் போர் என்றே நிலைத்துவிட்டன. ஓராண்டுக் காலம் மூக்கின்றி இருந்த காவாஸ்ஜிக்கு, பூனாவுக்கு (இன்றைய புனே) அருகே இருந்த கைவினைஞர் ஒருவர் புதிய மூக்கு வைத்தார். செங்கல் அறுக்கும் குயவர் குலத்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறு குறிப்பு இல்லை, பெயரும் இல்லை. தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில அறுவை மருத்துவர்கள் அதைக் கண்ணால் கண்டார்கள். பூனாவில் இருந்த ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் காவாஸ்ஜியின் முகத்தை வரைந்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் படத்தோடும் செய்முறையோடும் அதை ஒரு வாசகர் கடிதமாக வெளியிட்டது.

அந்தக் கடிதம் விவரிக்கும் செய்முறையைப் படிக்கும் எந்த மருத்துவ மாணவரும் இன்றைக்கும் அதைப் பின்தொடர முடியும். முதலில் மெழுகால் ஒரு மெல்லிய மூக்கை வடித்து, வெட்டுண்ட இடத்தில் வைத்து அளவு பார்க்கிறார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் விரித்து, சுற்றிலும் கோடு போடுகிறார். கோட்டுக்குள் இருக்கும் தோலை அறுத்து எடுக்கிறார், ஆனால் முழுவதுமாக அல்ல. இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விடுகிறார். பழைய மூக்கின் தழும்பைச் சீவிவிட்டு, அதையொட்டி ஒரு கீறல் போட்டு, நெற்றித் தோலை அரைச்சுற்றுத் திருப்பி இறக்கி, அதன் ஓரத்தைக் கீறலுக்குள் செருகுகிறார். தையல் இல்லை. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் தடவிய துணிப் பட்டைகளை ஐந்தாறாக அடுக்கி ஒட்டுகிறார். நான்கு நாள் கழித்து அவற்றை நீக்கி, நெய்யில் தோய்த்த துணி வைக்கிறார். பத்தாம் நாள் மூக்குத் துளைகள் அடைபடாமல் இருக்க மெல்லிய துணித் துண்டுகளைச் செருகுகிறார். இருபத்தைந்தாம் நாள் வாக்கில், புருவங்களுக்கு நடுவே விட்டுவைத்த பட்டையை அறுத்து மூக்கைச் சீர்செய்கிறார்.

இதில் எல்லாமே அந்தச் சிறு பட்டையில் இருக்கிறது. புருவத்தின் உள்முனையருகே கண்குழியிலிருந்து ஏறி நெற்றிக்குச் செல்லும் ஒரு தமனி உண்டு. இறக்கிய தோலுக்கு அந்தத் தமனிதான் உணவு. புதிய இடத்தின் இரத்தக் குழாய்கள் தோலுக்குள் வளர்ந்து சேரும்வரை பழைய வழியை வெட்டக்கூடாது. இன்றைய அறுவை மருத்துவர்கள் பட்டையை வெட்டுவதும் ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத்தான். நுண்ணோக்கி இல்லாத, உடற்கூற்றுப் படம் பார்த்திராத ஒருவரின் இருபத்தைந்து நாள் கணக்கு, இன்றைய கணக்கோடு இவ்வளவு நெருங்குகிறது. இத்தாலியில் 1597-இல் தாலியகோட்சி வெளியிட்ட முறையில் கையின் தோலை மூக்கோடு இணைத்து, நோயாளியின் கையை வாரக்கணக்கில் தலையோடு கட்டிவைக்க வேண்டியிருந்தது. அந்த முறை காலப்போக்கில் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. நெற்றித் தோல் நிறத்திலும் தடிப்பிலும் மூக்குத் தோலுக்கு நெருக்கமானது, பக்கத்திலேயே இருக்கிறது, வலுவான தமனியோடு வருகிறது. இழந்தது தோல் என்றால் அதற்கு நெற்றியே சரியான மாற்று என்ற முடிவு, அறிவியலில் எதை நாம் சிறந்த ஊகம் என்கிறோமோ அதற்குக் குறைந்ததன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். திப்புவின் கொடுமையைப் பரப்ப ஆங்கிலேயருக்கு அப்போது அரசியல் காரணம் இருந்தது. ஆகவே அந்தக் கடிதத்தை அப்படியே நம்பலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். காவாஸ்ஜியின் கதையைப் பரப்பியதில் அந்த நோக்கம் கலந்திருக்கக் கூடும். ஆனால் மூக்கை யார் வெட்டினார் என்பதையும் மூக்கு எப்படி வைக்கப்பட்டது என்பதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்க முடியும், சோதித்தும் பார்த்தார்கள். லண்டனில் ஜோசப் கார்பியூ என்ற அறுவை மருத்துவர் அதைப் படித்தார், இந்தியாவிலிருந்து திரும்பியவர்களிடம் விசாரித்தார், பிணங்களின் மீது செய்து பழகினார். 1814 அக்டோபர் 23-ஆம் நாள், பாதரச மருந்தால் மூக்கை இழந்ததாகச் சொன்ன ஒரு படை அதிகாரிக்கு அதே நெற்றித் தோலால் மூக்கு அமைத்தார். மயக்க மருந்து வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அந்த அதிகாரி முழு நினைவோடு படுத்திருந்தார். அடுத்தவர் 1811-இல் ஆல்புவேரா போரில் கொடியைக் காத்து ஒரு கையையும் மூக்கையும் பறிகொடுத்த லேதம். 1816-இல் கார்பியூ இரண்டையும் நூலாக்கினார். ஜெர்மனியில் கிரேஃபே 1818-இல் இதைப் பற்றி எழுத, ஐரோப்பா முழுவதும் முறை பரவியது. பூனாக் குயவரின் செய்முறை வேறொரு நாட்டில், வேறொரு கையால், வேறு நோயாளிகளிடம் பலித்தது. அரசியல் காரணத்தை எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் இந்தச் சான்று அப்படியே நிற்கிறது.

இன்னொரு மறுப்பு நம் ஆட்களிடமிருந்தே வரும். இதெல்லாம் சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறதே, குயவருக்கு என்ன தனிப் பெருமை என்பார்கள். சுஸ்ருதர் மூக்கு அறுவையை விளக்குகிறார் என்பது உண்மை. அது உலக மருத்துவத்தின் மிகப் பழைய அறுவை விளக்கங்களில் ஒன்று. ஆனால் அங்கே தோல் எடுக்கும் இடம் கன்னம். இலையால் அளவெடுத்து, கன்னத்துத் தோலை இறக்கி ஒட்டச் சொல்கிறது நூல். பூனாவில் கண்டதோ நெற்றி. கன்னத்திலிருந்து நெற்றிக்கு இடம் மாறியது சிறிய திருத்தமன்று. மூக்கின் முழு அளவுக்கும் தோல் கிடைக்கச் செய்த பெரிய முன்னேற்றம். அதைச் செய்தவர்கள் ஏட்டைப் படித்தவர்களா, தலைமுறை தலைமுறையாகக் கையால் பழகியவர்களா என்று கேட்டால், சான்று கைவினைஞர் பக்கமே சாய்கிறது. இமாலயத்தின் காங்ராவிலும் மூக்கு வைக்கும் குடும்பங்கள் இருந்தன. நூலைப் போற்றுவதற்காக அந்தக் கைகளை மறைப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் அந்த முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் கோந்த்வாவில் நடந்தது விளங்காது. மூக்கு என்பது வெளித்தோல் மட்டுமன்று. நடுவில் எலும்பும் குருத்தெலும்பும் தாங்குகின்றன. உட்புறம் ஈரமான சளிச்சவ்வு பூசினாற்போல், மூக்கின் உள்வரியாகப் படிந்திருக்கிறது. இந்த மூன்றில் குயவர் திருப்பித் தந்தது வெளித்தோலை மட்டுமே. இறக்கிய நெற்றித் தோலின் அடிப்புறம் பச்சைப் புண்ணாகவே மூக்குக்குள் தொங்கியது. பச்சைப் புண் ஆறும்போது சுருங்கும். அது உடலின் விதி. மாதங்கள் செல்லச் செல்லப் புதிய மூக்கு சுருண்டு உருண்டைச் சதையாகும், துளைகள் குறுகும். ரவிக்கையின் லைனிங் துணி முதல் சலவையில் சுருங்கிவிட்டால் மேல்துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுருக்கம் விழுவதைத் தடுக்க முடியாதல்லவா, அப்படித்தான். சுஸ்ருதர் மூக்குத் துளையில் குழாய்கள் வைக்கச் சொன்னதும், குயவர் பத்தாம் நாள் துணி செருகியதும் இந்த ஆபத்தை அவர்கள் கண்டிருந்தார்கள் என்பதற்கே சான்று. அடைப்பைக் கண்டார்கள். அடைப்புக்குக் காரணம் உள்வரி இல்லாமை என்ற இடத்துக்கு மட்டும் அவர்கள் வந்து சேரவில்லை.

அந்த இடத்துக்கு வந்து சேர்வதிலும் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் மூக்கறுபட்டவர்கள் ஏராளம். ஜுனாகத் சமஸ்தானத்தின் மருத்துவர் திரிபுவன்தாஸ் மோதிசந்த் ஷா நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூக்கு வைத்து, 1889-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இந்தூரில் பணியாற்றிய கீகன் என்ற மருத்துவர், சந்தேகத்தின் பேரில் கணவன்மாரால் மூக்கறுக்கப்பட்ட பெண்கள் பலருக்கு அறுவை செய்தார். மீந்திருக்கும் மூக்குப் பாலத்தின் தோலைக் கீல்போல் கீழே மடக்கி, அதன் வெளிப்புறம் உள்ளே பார்க்கும்படி வைத்து, அதன்மேல் நெற்றித் தோலை இறக்கினார். இப்போது மூக்குக்கு உள்ளேயும் தோல், வெளியேயும் தோல்; இரண்டின் பச்சைப் புறங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுருக்கம் குறைந்தது. மூக்கு அறுவையின் வரலாற்றில் நான் காணும் பெரிய திருப்பம் இதுதான். இழந்தது எது என்ற கேள்விக்கு, வெளியே பார்த்து மட்டும் விடை சொல்லாமல் உள்ளேயும் பார்த்தார்கள்.

அடுத்த அடியை எடுத்தவர் கில்லீஸ். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு மருத்துவம் பார்த்தவர் அவர். போருக்குப் பிறகு சிபிலிஸ் நோயால் மூக்கு அமுங்கியவர்கள் வந்தபோது, வெளித்தோலைச் சேர்க்கும் பழக்கத்தை அவர் நிறுத்தி யோசித்தார். அந்த மூக்குகளில் வெளித்தோல் முழுவதுமாக இருந்தது. அழிந்தது உள்ளே. சளிச்சவ்வு வெந்து, தழும்பாகி, சுருங்கி, வெளித்தோலை எலும்போடு இழுத்துக் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்து உள்வரியைப் புதிதாக வைத்தால் போதும், வெளித்தோல் தானே எழும்பும் என்று 1923-இல் அவர் எழுதினார்.

தொழுநோயின் மூக்கும் இந்த வகைதான். 1873-இல் ஹான்சன் கண்டறிந்த அந்த நுண்ணுயிரி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும். ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்று தடவிச் செல்லும் மூக்கின் முன்பகுதி அதற்கு ஏற்ற இடம். சளிச்சவ்வில் கிருமிகள் பெருகுகின்றன. ஓயாத மூக்கடைப்பு, பொருக்கு, இரத்தம் கலந்த சளி என்று நோய் தொடங்குகிறது. பிறகு இரண்டு துளைகளையும் பிரிக்கும் குருத்தெலும்புச் சுவர் துளைபட்டு அழிகிறது. மேலுதட்டுக்கு மேலே மூக்கைத் தாங்கும் சிறு எலும்பு முனையும் கரைகிறது. இந்த எலும்பு மாற்றத்தை டென்மார்க்கின் இடைக்காலக் கல்லறைகளில் கிடைத்த மண்டையோடுகளிலும் மோலர்-கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர் கண்டு விளக்கினார். கடைசியில் உள்வரி முழுதும் தழும்பாகச் சுருங்க, நல்ல நிலையில் இருக்கும் வெளித்தோல் உள்ளே இழுபட்டு மடிகிறது. பார்ப்பவர்கள் மூக்கு அழுகி விழுந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். மூக்குத் தோல் எங்கும் போகவில்லை. உள்ளே மடிந்து கிடக்கிறது.

கோந்த்வாவில் அந்தியா நிமிர்த்த வேண்டியிருந்தவை இத்தகைய மூக்குகள். கில்லீஸிடம் கற்ற முறையை அவர் தொழுநோய் மூக்குக்குப் பொருத்தினார். மேலுதட்டைத் தூக்கி, உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே கீறி, அங்கிருந்து மேலே மூக்குக்குள் நுழைய வேண்டும். முகத்தில் வெளியே ஒரு கோடுகூடக் கீறப்படுவதில்லை. உள்ளே தழும்பு எலும்போடு பிடித்திருக்கும் இடங்களை எல்லாம் விடுவித்தால், மடிந்து கிடந்த தோல் நெகிழ்ந்து விரிகிறது. உருவான வெற்றிடத்துக்குள், பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் சூட்டில் இளகும் பொருளை வைத்து மூக்கின் வடிவை எடுக்கிறார்கள். தொடையிலிருந்தோ கையிலிருந்தோ மிக மெல்லிய தோலைச் சீவி, பச்சைப் புறம் வெளியே இருக்கும்படி அந்த அச்சின்மேல் போர்த்தி, மீண்டும் உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். சீவிய தோல் மூக்கின் உட்சுவரோடு ஒட்டி உயிர்பெற்றுப் புதிய உள்வரியாகிறது. பிறகு அச்சை எடுத்துவிட்டு, அதே வடிவில் அக்ரிலிக் தாங்கி ஒன்றைச் செய்து பொருத்தலாம். அல்லது உள்வரி நிலைத்தபின் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தண்டுக்குத் தாங்கலாக வைக்கலாம். செயலிழந்த கைகளுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவையை அந்தக் காலத்தில் வேலூரில் பால் பிராண்ட் வளர்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நோயால் உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டே அழிகின்றன என்று அவர் நிறுவினார். கையிலும் மூக்கிலும் ஒரே பாடம்தான்: கண்ணுக்குத் தெரியும் சிதைவு வேறு, உண்மையான இழப்பு வேறு.

இந்த நோயாளிகளுக்குக் குயவரின் முறையைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மடிந்து கிடக்கும் நல்ல தோலின்மேல் இன்னொரு தோல் வந்து அமர்ந்திருக்கும். உள்ளே தழும்பு தொடர்ந்து இழுக்கும். நெற்றியில் பெரிய வடு நிற்கும். காவாஸ்ஜியின் நெற்றி வடு போரில் பட்ட காயத்தின் சான்று. யாரும் அதற்காக அவரைக் கிணற்றடியிலிருந்து விரட்டப் போவதில்லை. தொழுநோயாளிக்கு முகத்தில் சேரும் ஒவ்வொரு புதிய அடையாளமும் புதிய தண்டனை. ஆகவே ஒருவருக்கு அற்புதமான அறுவை இன்னொருவருக்குத் தீங்காகவே முடியும். அறுவைகளின் பட்டியலைப் போட்டு எது சிறந்தது என்று கேட்பது பயனற்றது என நான் சொல்வது இதனால்தான். எந்த இழப்புக்கு எந்த அறுவை என்ற பொருத்தமே கேள்வி.

ஏழை நாட்டில், மருந்துக்கே வழியில்லாதபோது, மூக்கை அழகாக்கும் செலவு எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. இந்தக் கேள்வி அறமான கவலையிலிருந்து வருவதால் அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அழகு என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898-இல் இயற்றிய சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. துணைக்குத் தொழுநோய் இருப்பதை மணமுறிவுக்கான காரணமாக வைத்திருந்த விதிகள் 2019-இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து போயின. இந்தச் சமூகத்தில் அமுங்கிய மூக்கு என்பது பேருந்தில் இடம் கிடைக்காமை, கடையில் பண்டம் கையில் தரப்படாமை, மகளுக்கு வரன் அமையாமை. மூக்கு நிமிர்ந்தால் ஒருவர் கூலி வேலைக்குத் திரும்ப முடியும் என்றால் அந்த அறுவை வாழ்வாதார மருத்துவம். அந்தியா பின்னர் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவை நடத்தியபோது தொழுநோயாளிகளைப் பொது மருத்துவமனையிலேயே சேர்த்து மருத்துவம் பார்த்தார். மூக்கை நிமிர்த்திவிட்டு ஆளை மறுபடியும் ஊருக்கு வெளியே அனுப்புவதில் பொருளில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1975-இல் அவர் தொடங்கிய சமூகச் சுகாதார ஆய்வு நிறுவனம் கிராமப்புறச் சுகாதாரத்தின் பக்கம் திரும்பியதையும் நான் இதே சிந்தனையின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். கத்தியால் திருத்த முடியாத இழப்பு எது என்பதையும் அவர் படித்திருந்தார்.

மருந்து வந்துவிட்டதே, இனி இந்த அறுவைக்கு என்ன வேலை என்பது கடைசி மறுப்பு. 1940-களில் டாப்சோன் புழக்கத்துக்கு வந்தது. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1982 முதல் பரிந்துரைக்கிறது. அது கிருமியை அழிக்கிறது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் கிருமியை அழிக்கும் மருந்தால் கரைந்த குருத்தெலும்பை வளர்க்க முடியாது. நோய் போன பிறகும் நோயின் முகம் மிஞ்சுகிறது, சமூகம் அந்த முகத்தையே நோயாகப் படிக்கிறது. அதேநேரம் இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிருமி அடங்காத மூக்கில் அறுவை செய்து பயனில்லை. மருந்து முந்த வேண்டும், கத்தி பிந்த வேண்டும். உள்வரி அறுவைக்கும் அதற்கே உரிய குறைகள் உண்டு. ஒட்டிய தோல் சளிச்சவ்வைப்போல் ஈரம் சுரக்காது, பொருக்கு கட்டும். தாங்கியை நோயாளி எடுத்துக் கழுவித் திரும்பப் பொருத்த வேண்டும். நெடுநாள் வெளியே வைத்துவிட்டால் மூக்கு மறுபடி சுருங்கும். விரல்கள் மடங்கிப்போனவருக்கு இது எளிய வேலையன்று. எலும்புத் துண்டு வைத்தாலும் காலப்போக்கில் கொஞ்சம் கரையலாம். இவ்வளவையும் கணக்கில் எடுத்தபின் சொல்ல முடிவது ஒன்றுதான்: இழந்த சளிச்சவ்வுக்கு ஈடான பொருள் அறுவை மருத்துவத்திடம் இன்னும் இல்லை. அதை இழக்காமல் காப்பதே எந்த அறுவையையும்விட மேலானது.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகத் தொழுநோய் இறங்கிவிட்டதாக இந்தியா 2005 டிசம்பரில் அறிவித்தது. அதை நோய் ஒழிந்தது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியர்களே. மருந்து அட்டைகள் அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உட்கொண்டால் போதும். தோலில் வெளிறிய, தொட்டால் உணர்வு குறைந்த தேமல் தோன்றினால், அதோடு மாதக்கணக்கில் தீராத மூக்கடைப்பும் இரத்தம் கலந்த சளியும் சேர்ந்து வந்தால், வெட்கப்படாமல், நாள் கடத்தாமல் அங்கே போய்க் காட்டுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது அப்படி இருந்தால் அழைத்துப் போங்கள்.